இலேசான வாரம்

திங்கள்

அன்புள்ள பாட்டிக்கு,

படகுப் போட்டி முகாமில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் பால் வண்டி அண்ணனிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். மூன்று வாரமாக எங்களைப் பிழிந்தெடுத்த கோச், இந்த வாரம் துடுப்பை மெதுவாகப் போட்டால் போதும் என்கிறார். காலையில் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு வருகிறோம், மத்தியானம் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு படகில் தேர்வுப் பந்தயம். ஜெயிப்பவளுக்கு நாலு பேர் படகில் முன் இருக்கை. எனக்குத்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாயா?

உன் வாத்து

செவ்வாய்

என் வாத்துக் கண்ணுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தேன். பந்தயத்துக்கு முந்தின வாரம் எவனாவது மெதுவாகப் போகச் சொல்வானா?

இந்த இலேசு எனக்குப் புதிதில்லை. சட்டைக் கம்பெனியில் நான் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்து குழைந்தான். "ரொம்ப உழைச்சுட்டம்மா. ஒரு வாரம் சும்மா நூல் வெட்டு, கைக்கு இலேசா இருக்கும்." நானும் பல்லை இளித்துக்கொண்டு போய் நூல் வெட்டினேன். திரும்பி வந்தால் என் மிஷினில் அவன் மச்சினி. நான் தைத்துப் போட்டிருந்த மெத்தைமேலேயே உட்கார்ந்திருக்கிறாள். சட்டைக் கம்பெனியில் சூப்பர்வைசர், அவன் சட்டையில் மூன்றாவது பொத்தான் கிடையாது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

அந்த நெட்டைப் பெண், போன வருஷம் உன் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு திருப்பித் தராதவள், அவள் எங்கே? அவள்மேல் ஒரு கண் வை.

தைலம் தேய்த்தேன். அதுவாவது ஏமாற்றவில்லை.

உன் பாட்டி

புதன்

அன்புள்ள பாட்டிக்கு,

நெட்டையும் எங்களோடுதான் மிதக்கிறாள். ஓய்வெடுத்தால்தான் உடம்பில் வலு ஏறும் என்கிறார் கோச். ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதே. இன்று நாலு பேர் படகில் நான் உட்காரும் முன் இருக்கையில் அவளை உட்காரவைத்து ஒரு சுற்று விட்டார். "சும்மா மாத்திப் பார்க்கறேன்" என்றார்.

உன் வாத்து

வியாழன்

கண்ணே,

சும்மாவா? அந்தச் சும்மாவில்தான் என் மிஷின் போனது. உன் கழுத்துக்குக் கத்தி வந்த பிறகும் நீ மிதந்துகொண்டிருக்கிறாய். மத்தியானம் எல்லாரும் குறட்டை விடும்போது படகை எடு. தோள் கழன்றாலும் இழு. அவன் இலேசை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

உன் பாட்டி

ஞாயிறு

பாட்டிக்கு,

நீ சொன்னபடி வெள்ளி, சனி இரண்டு மத்தியானமும் தனியாகப் படகு எடுத்து முழு வேகத்தில் இழுத்தேன். இன்று பாதித் தூரம் நான்தான் முன்னால். அப்புறம் வலது தோள் கல்லாக இறுகிவிட்டது. நெட்டை, நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி என்னைத் தாண்டிப் போனாள். முன் இருக்கை அவளுக்கு.

கோச் என் தோளை அழுத்திப் பார்த்தார். "உனக்குத்தான்னு நினைச்சுட்டிருந்தேன். உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா என்ன பண்றதுன்னுதான் அவளை மாத்தி உட்கார வெச்சேன். யாரு உன்னைப் படகு எடுக்கச் சொன்னது?"

நெட்டை என் துண்டைத் துவைத்து மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. உன்மேலும்தான்.

உன் பேத்தி

செவ்வாய்

என் வாத்துக்கு,

அந்தக் கோச்சுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? காய்ச்சல் வந்தால் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவான்? நெட்டை துண்டைத் துவைத்தாளாம், ஒரு வருஷம் கழித்து. இரண்டையும் நான் மறக்கப் போவதில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம். உன் அப்பன் நான் சொன்னதை ஒரு நாளாவது கேட்டிருக்கிறானா? உன் தாத்தா, கடைசி வரைக்கும், குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் நனைந்துகொண்டுதான் வருவார். இந்த வீட்டில் ஒருத்தரும் என் பேச்சைக் கேட்டதில்லை. நீ ஏன் கேட்டாய்?

பால் வண்டிக்காரனிடம் தைலப் புட்டியைக் கொடுத்திருக்கிறேன். தோளில் தேய். எனக்கு மீதி வைக்காதே. ஒரு வாரத்துக்குத் துடுப்பைத் தொடாதே. பேனாவையும் தொடாதே, அதற்கும் அந்தக் கைதான். நானும் எழுத மாட்டேன். எழுத எவ்வளவோ இருக்கிறது. இருக்கட்டும்.

உன் பாட்டி