ஆளை மாத்திட்டாங்க

அன்புள்ள குட்டிமா,

உன் அப்பா கடையிலிருந்த டிவியைக் கழற்றி, லைனிங் துணியில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, பரணில் ஏற்றிவிட்டார். தொடர் பார்க்க வந்துகொண்டிருந்தவர்களையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ பயப்படுவாய், ஆகவே இரண்டு பேரும் இருக்கிறோம், கடை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள். நீ நலமாக இருக்க வேண்டும், அந்தக் குளிரில் தலைக்கு ஏதாவது சுற்றிக்கொண்டு போ, நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடாதே. இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் அவர் காதில் விழும். இப்போதெல்லாம் பின்கட்டில் ஊசி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்கிறார், அது ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். உட்கார்ந்து படி.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முடிந்துபோன அந்தத் தொடரை மறுபடி எடுக்கிறார்கள், நானும் இங்கே ரயிலில் போகும்போது பார்க்கிறேன் என்று நீ போனில் சொன்னாயே, அதை நான் அன்றைக்கே இவர் காதில் போட்டேன். 'அவ பாத்தா எனக்கென்ன' என்றார். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் துணி வெட்டும் மேஜையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியை டிவிக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தார். நம் கடையில் டிவி எதற்கு இருக்கிறது என்று உனக்குத் தெரியும், திரைச்சீலைக்கு அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் பொறுமை இழந்து வேறு கடைக்குப் போய்விடாமல் இருக்கத்தான். அதில் யாரும் சத்தம் கேட்டதில்லை, மூன்று தையல் மெஷின் ஓடுகிற இடத்தில் எவன் பேசுவது கேட்கும். படம் மட்டும்தான். அப்படியும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாடி வீட்டில் இருக்கிறாளே, தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், போன வாரக் கதையைச் சொல்லாமல் இந்த வாரக் கதையைப் பார்க்க விடமாட்டாள், அதனால் அவளுக்கு முன்கதை அக்கா என்றே பெயராகிவிட்டது, அவள் வருவாள். மருந்துக்கடைக்காரர் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வருவார். நம் தையல்காரி மெஷினை ஓட்டிக்கொண்டே பார்ப்பாள், அதனால் தொடர் ஓடும் நேரத்தில் தைத்த மடிப்பையெல்லாம் மறுநாள் காலையில் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். நான் கல்லாவில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். மருந்துக்கடைக்காரர் படத்தில் நடப்பதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார், 'இப்ப சின்னவன் படி இறங்குறான், கையில ஏதோ சாவி, அம்மாக்காரி திரும்பிப் பாக்குறா, மூஞ்சி சரியில்ல' என்று. கண்ணுக்கு முன்னால் ஓடுகிற படத்துக்கு இந்த மனுஷன் எதற்கு வர்ணனை கொடுக்கிறான், வாய் வலிக்காதா என்று நான் நினைத்ததுண்டு.

பழைய தொடர் எப்படி முடிந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய், மூத்த மகள் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறாள், கதவு பாதி திறந்திருக்கிறது, அதோடு சரி. புதுத் தொடர் அதே கதவில் ஆரம்பித்தது. அவள் வருவாளா மாட்டாளா, வந்தால் அப்பன் சேர்ப்பானா மாட்டானா, இதுதான் மாதக்கணக்கில் நம் கடையில் வழக்கு. உன் அப்பா ஆரம்பத்தில் ஒரே பிடியாக, 'வரவே கூடாது, வந்தா கதை செத்துப்போகும்' என்றார். முன்கதை அக்கா விடுவாளா. 'அவ போனதுக்கே அந்த அப்பன்தானே காரணம், வாசல்ல நின்னு என்ன பேச்சு பேசினான்' என்றாள். அதற்கு இவர், 'என்னத்தப் பேசினான், கோவத்துல ஒரு வார்த்தை. வீட்ல இருக்கிற நல்லதையெல்லாம் விட்டுட்டு அந்த ஒரு வார்த்தையத்தான் பெட்டியில மடிச்சு வச்சு எடுத்துக்கிட்டுப் போகணுமா' என்றார். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், நான் கல்லாவைப் பார்த்தேன். குட்டிமா, உனக்காகப் பக்கத்துக் கடையையும் வாங்கி நடுச்சுவரை இடித்த மனுஷன், நீ மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறேன் என்றதும் 'போனா போனதுதான், இந்தப் படி ஏறாதே' என்றாரே, அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் உன்னைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அந்தத் தொடரை வைத்துத்தான். கொஞ்சம் கொஞ்சமாக விலை இறங்கி வந்தது. வரவே கூடாது என்றவர், வரட்டும், ஆனால் நல்ல நாளாகப் பார்த்து வரக் கூடாது, சாதாரண நாளில் வரட்டும் என்றார். பிறகு ஒரு நாள், 'வரட்டும், ஆனா மன்னிப்புக் கேக்கக் கூடாது, கேட்டா அது அவளே இல்ல' என்றார். மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, 'அண்ணாச்சி, நீங்க கதை எழுதப் போயிருந்தா நாங்கெல்லாம் எப்பவோ வீட்டுக்குப் போயிருப்போம்' என்றார். அந்த நாட்களில் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது, அதை மறைக்கவில்லை. இந்தத் தொடரே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்தேன். வியாபாரத்தில் நப்பாசை வைத்தவள் இல்லை நான், துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்திலும் வாங்குகிற முகம் எது வாங்காத முகம் எது என்று கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டு விஷயத்தில்தான் ஏமாந்தேன்.

அவள் வருகிற பகுதி வந்தது. அன்றைக்குப் பார்த்து மருந்துக்கடைக்காரர் சரக்கு வந்து இறங்கியதால் வரவில்லை. இவர் கையில் கத்தரியோடு பாதி வெட்டிய துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் கார் வந்து நின்றது, ஒருத்தி இறங்கினாள், படியேறினாள், முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். பழையவள் நெட்டை, நீள முகம். இவளோ குள்ளம், உருண்டை முகம், தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள், கல்லாவில் இருந்த எனக்கே தெரிந்தது. உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். 'வந்துட்டா. பாத்தீங்களா, அப்படியே இருக்கா, ஒரு துளி மாறல, நான் சொன்னேன்ல' என்றார். குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலை நான் கேட்டது நீ பிறந்த அன்றைக்குத்தான். தையல்காரி காலை எடுத்தாள், மெஷின் நின்றது, மற்ற இரண்டும் நின்றன. முன்கதை அக்காவுக்குத்தான் வாய் நிற்காதே. 'என்ன அண்ணே, இது அவ இல்லையே, ஆளை மாத்திட்டாங்க. கீழே எழுத்து போட்டானே, இவருக்குப் பதில் இவர்னு, படிக்கலையா' என்றாள். இவர், 'தெரியும் தெரியும், சும்மா சொன்னேன்' என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் விட்டு நாற்காலியைத் தேடினார். அது அவருக்கு நேர் பின்னால்தான் இருந்தது. கை இரண்டு தரம் காற்றில் துழாவியது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன மாதம் பூப்போட்ட துணியில் ஒரு ஜோடித் திரை வெட்டினார், ஒன்றில் பூ மேலே பார்த்தது, இன்னொன்றில் தலைகீழாகத் தொங்கியது. வாடிக்கைக்காரி திருப்பிக் கொண்டுவந்து போட்டாள், வேலையில் புத்தி இல்லை, தொடரில்தான் புத்தி என்று அவரை நான் திட்டினேன்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். 'ஊர்ல யாருக்கு என்ன நோய்னு ஊருக்கே சொல்ற ஆளு, இதை மட்டும் எப்படிய்யா முழுங்கினீங்க' என்று கேட்டேன். 'சத்தியம் வாங்கிட்டார் அண்ணி. சொட்டு மருந்துக்கு வந்தவர் கையப் புடிச்சுக்கிட்டார். அதான் நான் வாயாலயே படம் காட்டிக்கிட்டிருந்தேன்' என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆளை அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இவரை இழுத்துக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா உன் வயதுதான் இருப்பாள், இவரைப் பார்த்ததும், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்தானே என்று அடையாளம் கண்டுகொண்டாள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். ஓரம் தெரியும், நடு தெரியாது. அதனால்தான் தட்டுத் தடுமாறாமல் நடக்கிறார், கதவு தெரிகிறது, மேஜை தெரிகிறது, எதிரே ஆள் நிற்பது தெரிகிறது, ஆள் யார் என்பது தெரியாது. முகம் இருக்கிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு மட்டும்தானாம். ஊசி போட்டால் வருமா என்றேன், ஆரம்பத்தில் போட்டிருந்தால் நிறுத்தி வைத்திருக்கலாம், போனது போனதுதான் என்றாள். போனா போனதுதான் என்று இவர் உன்னிடம் சொன்ன அதே சொல். இவரும் அதைக் கேட்டார். திரை விற்றே வீடு கட்டினோம், இந்தத் திரையை மாற்ற எவனிடமும் சரக்கு இல்லை.

நான் ஒன்றையும் மழுப்பி எழுதப் போவதில்லை. கறை பட்ட துணியைக் கறை பட்டது என்று சொல்லித்தான் விற்பேன், உனக்குத் தெரியும். நீ நாளைக்கே வந்தாலும் உன் முகத்தை அவர் பார்க்கப் போவதில்லை. நீ அனுப்பிய படங்களைக் கல்லா மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன், அவற்றில் இருக்கிற நீ அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பெட்டியோடு படி இறங்கிய நீ மட்டும்தான், இனி அதுதான் கடைசி வரைக்கும். எனக்கு இதில் ஒரு ஆறுதலும் அகப்படவில்லை. தேடாமல் இல்லை. வேலையை விட்டுவிட்டார், கத்தரியைத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டார். உனக்கென்று எடுத்த கடையில் இப்போது தலையணை மூட்டை அடுக்கியிருக்கிறோம், அதன் நடுவில் போய் உட்கார்ந்து அளவு நாடாவைச் சுருட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுருட்டுகிறார். யாரோடும் பேச்சில்லை. முன்கதை அக்கா அழுதுகொண்டே வந்து, 'என் நாக்க வெட்டிப் போடணும் அண்ணி' என்றாள். அதற்கும் இவர் வெளியே வரவில்லை. தொடர் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சாயங்காலம் அந்த நேரம் வந்தால் மெஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. கடையில் இவ்வளவு கஷ்டமான நேரத்தை நான் பார்த்ததில்லை, கடன்காரன் வாசலில் உட்கார்ந்திருந்த காலத்திலும் பேச ஒரு ஆள் இருந்தார்.

நேற்று நான் அந்த மூட்டைகளுக்கு நடுவே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குட்டிமாவுக்குச் சொல்லப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். 'பாவம்னு வருவா. பாவம்னு வர்ற ஆள் எனக்கு வேண்டாம்.' அதெல்லாம் சாக்கு, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, 'டிவியில எவளோ வந்தா, என் மகள்னு எந்திரிச்சு நின்னேன். நாளைக்கு நெஜமாவே அவ வந்து வாசல்ல நின்னு, வாங்கம்மா என்ன துணி பாக்கணும்னு நான் கேட்டுட்டேன்னா' என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தத் தலையணைகளில் சாய்ந்து கிடந்தோம். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் செய்தேன், பேரம் பேசினேன். அவர் வரவே வேண்டாம் என்பதில் ஆரம்பித்தார், நான் வந்து இங்கேயே இருக்கட்டும் என்பதில் ஆரம்பித்தேன். 'இந்த வயசுல என்கிட்டயே விலை ஏத்திச் சொல்றியா' என்றார். அந்த ஒரு தரம்தான் அவர் குரலில் பழைய மனுஷனைக் கேட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் முடிந்தது, கையில் கை அடித்துவிட்டோம். நல்ல பேரம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு பக்கமும் நஷ்டம்தான், ஆனால் இதற்கு மேல் கிடைக்காது.

நீ வருவாய் என்று நம்பி இதை எழுதவில்லை, உனக்கும் அவர் புத்திதான். வராவிட்டாலும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் இன்னொரு தரம் படி. உடம்பைப் பார்த்துக்கொள், மாத்திரையைத் தவறாமல் போடு, எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்டதெல்லாம் துலங்க வேண்டும். நீ மறந்துவிடக் கூடாது என்று கீழே எழுதுகிறேன், இதுதான் நாங்கள் பேசி முடித்தது.

சாதாரண நாளில்தான் வர வேண்டும், வருகிற நாளை எனக்கு முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கடையின் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும், அந்த நேரத்தில் மெஷின்களை நான் நிறுத்தி வைப்பேன். படிக்குக் கீழேயே நின்று, அவர் வாயைத் திறப்பதற்கு முன் நீ பேசிவிட வேண்டும், என்ன வேண்டுமானாலும் பேசு, உன் குரலாக இருந்தால் போதும். கண்ணைப் பற்றிக் கேட்கக் கூடாது. நீயும் மன்னிப்புக் கேட்கக் கூடாது, அவரும் கேட்க மாட்டார். திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக்கொண்டே வர வேண்டும். இருக்கிற நாட்களில் பரணிலிருந்து டிவியை இறக்குவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து படத்தில் நடப்பதை நீதான் சொல்ல வேண்டும், ஆளை மாற்றினால் மாற்றியதையும் சொல்லிவிட வேண்டும். இத்தனைக்கும் ஈடாக அவர் தரப்பிலிருந்து நான் வாங்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். நீ பேசி முடித்ததும், இந்தப் படி ஏறாதே என்று சொன்ன அதே இடத்துக்கு அவரே நடந்து வந்து, 'உள்ள வா' என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா