பொறுப்பு யார் என்று நான் கேட்டது

இன்று காலை உத்தமபாளையத்தில் உன் பட்டறையைக் கடக்கையில், மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷின் வாடை வந்தது. உன் மைத்துனர் கடையைத் திறந்திருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார். உள்ளே செல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கேதான் உன் பேச்சை நான் தோற்கடித்தேன்.

சின்னமனூரிலிருந்து கம்பம் வரை, உன்னுடையதையும் சேர்த்து ஐந்து பட்டறைகள் உதிரிபாகங்களைப் பொதுவில் வைத்துப் புழங்கின. ஒரு கடையில் இல்லாத பேரிங் இன்னொரு கடையிலிருந்து பஸ்ஸில் ஏறி வந்துவிடும்; பின்னர் அதே அளவில் புதியது திரும்பிப் போகும். எது எங்கே இருக்கிறது என்று அனைவரும் பார்க்க எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தாய். நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், ஐந்து கடையும் பிரதி வைத்துக்கொள்ளலாம் என்று பெருமையடித்தாய். கடைக்காரர்கள் எல்லோரும் உன் பட்டறையில் கூடியிருந்தபோது, அதன் உரிமத்தை வாசிக்க என்னிடம் தந்தாய். ‘எவ்வித உத்தரவாதமும் இன்றி’ என்ற வரியில் நான் நின்றுவிட்டேன்.

“நாளைக்கு இது கெட்டுப்போனா யாரு மாப்ள பொறுப்பு? யாரு மேல கேஸு போடுறது?”

“கேஸு போடவா பேரிங் வாங்கி வச்சிருக்கோம்?” என்றாய்.

“வக்கீலுக்குப் பொழப்பு ஓடணும்ல!” என்றார் கம்பத்துக் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. குரலை உயர்த்தாமல் சட்டச் சொற்களை அடுக்கினேன். சிரித்தவர்கள் அஞ்சினார்கள். ஒரு கம்பெனியின் வாடகை மென்பொருள் என்று முடிவாயிற்று. அதன் ஒப்பந்தத்தையும் நானே சரிபார்த்தேன். எதற்கும் பொறுப்பேற்க மாட்டோம் என்ற வரி அதிலும் இருந்தது. வழக்கமான வாசகம் என்று கடந்துபோனேன். அந்த மென்பொருளில் கணக்கு உன் பெயரில் தொடங்கப்பட்டது.

நீ மாரடைப்பில் போனதை அறிந்ததும் கம்பெனி கணக்கை முடக்கியது. வாரிசின் கையெழுத்து வந்தால்தான் திறப்போம் என்றது. அதுவும் நான் வாசித்துச் சம்மதித்த நிபந்தனையே. திராட்சைக்கு மருந்தடிக்கும் பருவம்; பழுதான மோட்டார்கள் கடைகளில் குவிந்தன, எந்த உதிரிபாகம் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. “என் சாமான் ஒங்க கடையிலதேன் கெடக்கு” என்று கடைக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். நீ கட்டிச் சேர்த்தது பிரியும் நிலைக்கு வந்தது.

உன் மனைவி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் அயல் ஆண்களைக் காணாமல் இருக்கும் அந்த நாட்களில், ஒரு மென்பொருள் கணக்குக்காக உன் வீட்டு வாசலில் நின்றேன். மைத்துனர் தாளை உள்ளே கொண்டுபோனார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எங்கனண்ணே கையெழுத்துப் போடணும்?”

“வாசிச்சுப் பாத்துட்டுப் போடும்மா.”

“நீங்க பாத்தா போதும்ணே. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவுக ஒரே சிரிப்பு. ‘என்னையவே மடக்கிப்புட்டான் என் மாப்ள. ஆனா அவன் படிச்சுச் சொன்னா சரியாத்தேன் இருக்கும்’னு சொன்னாக.”

கையெழுத்தான தாளை மைத்துனர் கொண்டுவந்தார்; மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கணக்கு திறந்தது. கடைக்காரர்கள் விவரங்களை எடுத்து, நீ தேர்ந்தெடுத்த டேட்டாபேஸிலேயே ஏற்றிவிட்டார்கள். ஐந்து கடைகளும் பிரியவில்லை. இப்போது எவரேனும் “நீங்க பாத்தா போதும்” என்றால், தாளை அவர்கள் பக்கம் திருப்பி வரிவரியாக வாசித்துக் காட்டுகிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள், நான் நிறுத்துவதில்லை. உன் மனைவிக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. கணக்கை முடக்கிய நிபந்தனைக்குச் சம்மதித்தவன் நான்தான் என்று சொல்லாமல், கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.