நீங்கள் கட்டிய சமையலறையை இடித்துவிட்டேன்

என் அன்பான என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. எழுதும்போதும் அது வரமாட்டேன் என்கிறது. நம் கிள்ளான் வீட்டை விற்றுவிட்டேன். யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்வதுதானே முறை?

தனியாக இருக்க வேண்டாம், சுங்கை பூலோவில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நம் மகள் கவிதா கெஞ்சிக்கொண்டே இருந்தாள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளோடு வாதாட என்னிடம் என்ன இருக்கிறது?

முதலில் ஓர் ஆசிரியத் தம்பதி வந்தார்கள். வீடு பிடித்துப்போய், கட்டிலை எங்கே போடுவது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரம் வீட்டைப் பரிசோதிக்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு, நீங்கள் பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறைக்கு வந்து நின்றார். தரையில் ரசமட்டத்தை வைத்தார். சுவர் விரிசலுக்குள் விரல் நுனியை விட்டுப் பார்த்தார்.

"இந்த விரிசல் எப்பலேர்ந்து ஆன்டி இருக்கு?"

"என் மக பொறந்ததுலேர்ந்து இருக்கு தம்பி."

அவர் சிரிக்கவில்லை.

நமக்கு அது என்றைக்கு விரிசலாகத் தெரிந்தது? தீபாவளிக்கு முன்னால் ஸ்டூல் மேல் ஏறி அதை அடைத்து, மேலே பெயிண்ட் அடிப்பீர்கள். பொங்கலுக்குள் அது மறுபடி எட்டிப் பார்க்கும். "நம்ம மூத்த புள்ள திரும்பி வந்துட்டான் சரோ" என்பீர்கள். அந்த மூத்த பிள்ளையைத்தான் பரிசோதிக்க வந்தவர் படமெடுத்துக்கொண்டு போனார். ஆசிரியர்கள் பிறகு வரவில்லை. அடுத்துப் பார்த்த ஒரு சீனப் பெரியவரும், பின்பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும் பின்வாங்கினார். அதன்பின் பேச்சு பரவிவிட்டது; போனில் விசாரிப்பவர்கள் எடுத்த எடுப்பில் அந்தச் சுவரைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"டைல்ஸ் ஒட்டி மூடிடலாம் ஆன்டி. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் வீட்டை விற்றுத்தர வந்த ஏஜென்ட். கவிதா என் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு அந்த அடுப்பு முன்னாடி நிக்கப்போறது யாரு வீட்டுப் பொண்ணோ. வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

கவிதாதான் அவளுடைய தோழி ஒருத்தியை அழைத்து வந்தாள். இஞ்சினியர். அவள் நாள் முழுக்கத் தோண்டியும் தட்டியும் பார்த்தாள்.

"முன்வீடு கெட்டியா இருக்கு ஆன்டி. பின்னால கட்டினதுக்கு மட்டும் அடியில பைலிங் போடல, மண்ணுக்குள்ள ஆழமா தூண் இறக்கல. மண்ணு இறங்க இறங்க அது இறங்குது, முன்வீட்டுச் சுவரையும் சேர்த்து இழுக்குது. அத எடுத்துட்டா வீடு பொழச்சிக்கும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் துறைமுகக் கூட்டாளிகளோடு நீங்கள் கட்டியது அது. கவிதா அந்த ஜன்னலடியில்தான் பாடம் படித்தாள். நோயில் விழுந்த பிறகும் படுக்கையறையில் இருக்க மாட்டேன் என்று, நாற்காலியை அங்கே போடச் சொல்லி, நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அதை இடிக்கச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்? சில நாள் அங்கேயே உட்கார்ந்து காப்பி குடித்தேன். பிறகு கவிதாவைக் கூப்பிட்டு, ஆள் பார்க்கச் சொன்னேன்.

இடிக்கிற அன்று பெருமாள் அண்ணன் வந்தார். உங்களோடு சேர்ந்து சிமெண்டு குழைத்தவர், இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இயந்திரம் வருவதற்குள் அவரே பேச்சை எடுத்தார்.

"பைலிங் போடாம கட்டாதடான்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன் தங்கச்சி."

"அவருக்கு எதுலதான் அவசரம் இல்ல அண்ணே?"

"அவசரம் இல்ல லா. நீ அப்ப முழுகாம இருந்த. 'அந்த உள்சமையலறைப் பொந்துக்குள்ள மண்ணெண்ணெ அடுப்புப் புகையில இருமி இருமி சாகுறாடா, புள்ள பொறக்குறதுக்குள்ள அவளுக்கு ஜன்னல் வெச்ச சமையலறை வேணும்'னு ஒத்தக்கால்ல நின்னான்."

இத்தனை வருஷமும் அது உங்கள் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால், "அந்த இருமல் சளிதாங்க, மெதுவா கட்டுங்க" என்றிருப்பேன். கேட்டிருப்பீர்களா?

சுவர் விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நன்றாகப் பார்த்தேன். ஜன்னலை முன்கூட்டியே சட்டத்தோடு கழற்றி வைத்திருந்தோம். "இத நான் கொண்டுபோறேன்" என்று பெருமாள் அண்ணன் தன் மகனின் லோரியில் ஏற்றிக்கொண்டார். அவர் வீட்டில் எங்கே வைப்பாரோ, கேட்கவில்லை.

பழைய உள்சமையலறையைப் புதுப்பித்த பிறகு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு தாதியும் அவள் கணவரும் பார்க்க வந்தார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். மண், விரிசல், இடித்தது, ஒன்றையும் விடவில்லை.

"மத்த இடத்துல நாங்க தோண்டித் தோண்டிக் கேக்கணும் ஆன்டி. நீங்களாவே சொல்றீங்க" என்றாள் அந்தப் பெண். அவர்களும் ஆள் வைத்துப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் பின்வாங்கவில்லை. பின்னால் காலியான இடத்தில் துணி காயப்போடுவாளாம். நல்ல வெயில் வருகிறது அங்கே, இப்போது.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு வாரமாக கவிதா வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் சமைத்துப் போடுகிறாள், நான் சாப்பிடுகிறேன். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வேண்டாம். நாளைக்கு உங்கள் திதி. விடிந்ததும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நானே சமைத்து உங்களுக்குப் படைக்கிறேன். அதற்கடுத்த நாளும் நான்தான் சமைப்பேன். இது சத்தியம்.

இப்போதும் உங்கள் வீட்டுக்காரிதான்,
சரோஜா