டயர் விளக்கு எரிந்தது உன்னால் இல்லை

பாப்பா,

வேன் சாவி உன் செருப்புக்குப் பக்கத்துல இருக்கு. நான் பஸ்ல போறேன். காலையில நாலு டயரையும் அளந்து பார்த்தேன், காத்து சரியாத்தான் இருக்கு. நீ எங்கயும் இடிக்கல. ஞாயித்துக்கிழமை காத்தடிச்சிட்டு, புது காத்தழுத்தத்தை வண்டிக்குச் சொல்ற பட்டனை அமுக்க மறந்தது நான்தான்; அதான் நீ ஓட்டுறப்ப டயர் விளக்கு எரிஞ்சிருக்கு. தெரியாம உன்மேல எரிஞ்சு விழுந்துட்டேன்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பு. ஸ்டீயரிங்குக்குக் கீழ உள்ள அந்தப் பட்டனை, மஞ்சள் டயர் விளக்கு மூணு தடவை மினுக்குற வரைக்கும் அமுக்கிப் பிடி. கொஞ்ச தூரம் ஓட்டினா அணைஞ்சிடும். நானே செஞ்சிருப்பேன், உன் கையால அணையட்டும்னு விட்டுட்டேன்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில அம்மாவுக்குக் கண்கட்டு பிரிக்கணும். ‘இனி வேனைத் தொடமாட்டேன்’னு சொன்னதை இன்னிக்கு மட்டும் மறந்துடு.

அப்பா

பி.கு.: அம்மாவுக்கும் நீதான் வேணுமாம். “அவ ஓட்டினா தூக்கம் வருது, நீங்க ஓட்டினா சாமி கும்பிடத்தான் தோணுது”ங்கிறா.