பாதி உடம்பு தூங்கிய காலை

அன்புள்ள என்னவருக்கு,

அடுத்த துறைமுகத்தில் இது உங்கள் கைக்கு வருவதற்குள், மகள் பிறந்த சேதியை அக்கா போனில் சொல்லியிருப்பாள். எடை கொஞ்சம் குறைவு. மற்றபடி நன்றாக இருக்கிறாள். நானும் தேறிவருகிறேன். அக்காவுக்குத் தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி என்றதும் வேண்டாம் என்றேன். கடைவாய்ப் பல் பிடுங்கியபோது ஈறில் போட்ட ஊசிக்கு நெஞ்சு படபடத்து நாற்காலியிலேயே சாய்ந்தேனே, அந்தப் பயம். எனக்கு இந்த மருந்தே ஆகாது என்று மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் அழுதேன். தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அது ஒவ்வாமை மாதிரி தெரியலம்மா. பல்லுக்குப் போடுறதுல மரப்பு நீடிக்க அட்ரினலின்னு ஒரு மருந்து சேர்ப்பாங்க. அதுவும் பயமும் சேந்து படபடத்திருக்கும். இதுல அது கிடையாது" என்றார். முழுசாகத் தூங்க வைக்கவும் முடியுமாம். "ஆனா முழிச்சிருந்தா பாப்பா அழுறதை நீங்களே கேக்கலாம்" என்றார். சரி என்று முதுகை வளைத்தேன்.

சில்லென்று ஒரு குத்து. பிறகு பாதங்களில் யாரோ வெந்நீர் ஊற்றுவதுபோல் இதமான சூடு. அது மெல்ல மேலேற ஏற, கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம், தலையணை உறைக்குள் கைவிட்டு எதையோ தேடுவதுபோல் இழுத்தார்கள். வலி மட்டும் இல்லை. மேலே விளக்கு மிதந்தது, நானும் மிதந்தேன். டாக்டரம்மா என் நெற்றியைத் தடவியபடி உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். எஞ்சின் அறையில் வேலை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளை எடுத்துவிட்டார்கள்.

அவள் அழவில்லை. நெற்றியிலிருந்த கை அப்படியே நின்றது. எழுந்து ஓடப் பார்த்தேன். கால் எங்கே என்றே தெரியவில்லை. பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம். அதற்கப்புறம் கட்டிடமே அதிர அழுகை. அப்படியே உங்கள் அம்மா தொண்டை என்று அக்கா சொல்கிறாள். நான் வாயே திறக்கவில்லை.

கப்பல் கம்பெனியில் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள், நான் சமாளித்துக்கொள்வேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வார்டில் எந்த ஆண்குரல் கேட்டாலும் இவள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். நேற்று பல்பு மாற்ற வந்தவர் பேசி முடித்துப் போகும்வரை அப்படியே இருந்தாள்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இங்கே இருக்கும்
உங்கள் இருவர்