காலடி படாத காட்டில் கஞ்சி காய்ச்சியது யார்?

என் உயிரான அண்ணாவுக்கு,

கிள்ளானில் எல்லாரும் சுகம். நீ போனபிறகு அண்ணி மறுபடியும் வேலைக்குப் போகிறார். உன் மகள் யாழினி உன் உயரத்தைத் தொடப்போகிறாள். நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிட்டேன். இனி உன் சிநேகிதன் கதிரேசனுக்கு வருகிறேன்.

அவன் புத்தகம் போட்டிருக்கிறான்; வெளியீட்டுக்கு முன்பே கையெழுத்துப் போட்டு அண்ணிக்கு ஒன்று கொடுத்தான். நீங்கள் இரண்டு பேரும் சரவாக் உள்காட்டுக்குப் போய் வந்தீர்களே, அந்தப் பயணம்தான். யாரும் போகாத பாதையில் தன்னந்தனியாகப் போன வீரனின் கதையாம். பக்கத்துக்குப் பக்கம் ‘மனிதக் காலடி படாத காடு’. அவன் போட்ட படத்திலேயே பின்னால் பூப்பந்துத் திடல் தெரிகிறது. அங்கே யார் அண்ணா ஆடியது, குரங்கா? மலைப்பாம்பு என்று மூன்று பக்கம் நடுங்கிவிட்டு, கடைசியில் அது மரத்தின் வேர் என்கிறான்.

இவ்வளவுதான் என்றால் கொட்டாவி விட்டுவிட்டு மூடிவைத்திருப்பேன். ஆனால் நடுவில் ஒரு வரி: ‘என்னோடு கிளம்பிய நண்பர் பயந்துபோய் மீரி நகரத்திலேயே திரும்ப விமானம் ஏறிவிட்டார்.’

அந்த நண்பர் நீ. யாழினி அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். “அத்தை, அப்பா பயந்து ஓடி வந்துட்டாரா?”

நீயா ஓடி வந்தாய்? ஊரே சேர்ந்து வாழும் அந்த நீள்வீட்டில் அவன் காய்ச்சலில் கிடந்தபோது, மேட்டில் ஏறி லைன் கிடைத்த இடத்திலிருந்து எனக்குப் போன் செய்தாயே. “இவன் சிலுவாரைக்கூட நான்தான் துவைக்கிறேன் லா. அம்மாகிட்டப் போகணும்னு அழுவுறான்” என்று சிரித்தாய். அங்கிருந்த பெண்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், நீ ஊட்டினாய். புத்தகத்திலோ அவன் காட்டு இலையைத் தின்று உயிர் பிழைத்திருக்கிறான்!

பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் புத்தக வெளியீடு. நானும் அண்ணியும் போனோம். கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

“மனுசனே இல்லாத காட்டுல உங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது யாரு?”

கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “தங்கச்சி, இது இலக்கியம் லா. தனியாப் போனாத்தான் படிக்கிறவங்களுக்கு த்ரில்லா இருக்கும்.”

“அப்ப எங்கண்ணன் பயந்து திரும்பினது?”

“அது… கதைக்குத் தேவைப்பட்டுச்சு.”

செத்தவன் வந்து மறுக்கமாட்டான் என்ற தைரியம். அந்தப் புத்தகம் முழுக்க அவன் செய்த சாகசம் அது ஒன்றுதான்.

அண்ணி எழுந்து மேடைக்குப் போனார். அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகத்தை அவன் முன்னாலேயே வைத்தார். “இதுல நீங்க மட்டும்தான் இருக்கீங்கண்ணே. நீங்களே வச்சுக்குங்க.”

வாசல்வரை பின்னால் ஓடி வந்தான். அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்திவிடுவானாம். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாழினியிடம் அன்றைக்கு “இல்லம்மா” என்று மட்டும்தான் சொன்னேன். அது போதுமா? நீ பயந்தது உண்மைதானே அண்ணா? இரண்டாம் தடவை போன் செய்தபோது உன் குரலே மாறியிருந்தது. “காய்ச்சல் இறங்கவே இல்ல. செத்துருவானோன்னு பயமா இருக்கு. ஆனா இவனை விட்டுட்டு வரமாட்டேன்” என்றாய்.

இந்த வாரமே அவளை உட்காரவைத்து முழுக்கச் சொல்கிறேன். உன் பயத்தை ஒளிக்கமாட்டேன். நீ அவன் பக்கத்திலேயே இருந்ததையும் விடமாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
யாழினியின் அத்தை மாலதி