தனகா பூசும்போது நடக்கும் பேச்சு

மகள் சுமதிக்கு லைங் தாயா தொழிற்பேட்டையிலிருந்து அப்பாவின் ஆசிகள். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன், மெதுவாக.

நான் காவலிருக்கும் விடுதியில் பேக்டரியில் வேலை செய்யும் காமாட்சி தன் மகளோடு தங்கியிருக்கிறாள். இன்று காலை பேக்டரி பஸ் வருவதற்கு முன், வாசலில் உட்கார்ந்து மகள் முகத்தில் தனகா மரப்பட்டையை அரைத்த சாந்தைப் பூசினாள். பூசிக்கொண்டே கர்ப்பம், ஆணுறை, நோய் எல்லாம் பேசினாள். எனக்கே பாதி புதுச் செய்தி.

கண்ணை மூடியிருந்த மகள், "முதல் தடவையிலேயே பிள்ளை உண்டாகுமா, அம்மா?" என்றாள்.

"உண்டாகும். கன்னத்தை அசைக்காதே."

பிறகு காமாட்சியிடம், "கூச்சமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"அவள் கண் மூடியிருக்கு. நான் கன்னத்தைத்தான் பார்க்கிறேன். இதில் யாருக்குக் கூச்சம், பெரியப்பா?" என்றாள்.

அடுத்த மாதம் உன் மகள் ராதா இங்கே வேலைக்கு வருகிறாளே, அவளிடம் இதெல்லாம் பேசினாயா? முன்பு பக்கத்து அறைக்காரர்தான் எனக்காகக் கடிதம் எழுதுவார். அவரிடம் சொல்லி இதை எழுத முடியுமா?

ராதாவிடம் கொஞ்சம் பருப்புப்பொடி கொடுத்தனுப்பு. தனியாகச் சாப்பிடும்போது சோறு இறங்கவில்லை.

பேக்டரியிலிருந்து பஸ் திரும்பி வந்துவிட்டது, கதவைத் திறக்க வேண்டும். ராதா கிளம்பும்வரை தினமும் காலையில் நீயே அவளுக்குத் தனகா பூசிவிடு.

அப்பா